மிஸ்திஸ்லாவ் தொபுஷின்ஸ்கி

மிஸ்திஸ்லாவ் வலேரியனோவிச் தொபுஷின்ஸ்கி (ஆகஸ்ட் 14, 1875 – நவம்பர் 20, 1957) ரஷ்ய ஓவியரும், கல்லச்சு ஓவியக் கலைஞரும், நூல் ஓவியரும், நாடக மேடை வடிவமைப்பாளரும் ஆவார். லித்துவேனிய வம்சாவளியைச் சேர்ந்த இவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை வரைந்த காட்சிகளுக்காகவே பெரிதும் அறியப்படுகிறார். அரண்மனைகளையும் அணிவகுப்புச் சதுக்கங்களையும் மட்டுமன்றி, அந்நகரின் பின்முற்றங்கள், சாளரமற்ற சுவர்கள், விறகு அடுக்குகள், கால்வாய் ஓரங்கள் ஆகியவற்றையும் ஓவியத்திற்கு உரிய பொருளாக ஆக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். உள்நாட்டுப் போரினாலும் பஞ்சத்தினாலும் வெறுமையடைந்திருந்த நகரைக் காட்டும் 'பீட்டர்ஸ்பர்க், 1921' என்னும் கல்லச்சுத் தொகுப்பு இவரது நகரக் காட்சிகளின் உச்சமாகக் கருதப்படுகிறது. 1924 ஆம் ஆண்டில் ரஷ்யாவை விட்டு வெளியேறிய இவர் அதன்பின் அந்நகரில் வாழவில்லை.

பிறப்பும் இளமையும்

தொபுஷின்ஸ்கி ரஷ்யப் பேரரசின் பழம்பெரும் நகரங்களுள் ஒன்றான நோவ்கரத்தில், தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் பிறந்தார். அக்காலத்தில் ரஷ்யாவில் வழக்கிலிருந்த ஜூலியன் நாட்காட்டியின்படி இவரது பிறந்த நாள் ஆகஸ்ட் 2 ஆகும். பாட்டனார் ஒரு மதகுரு. தந்தை வலேரியன் தொபுஷின்ஸ்கி பீரங்கிப் படை அதிகாரி. லித்துவேனியப் பிரபுக் குடும்பத்தின் வழிவந்தவர். தாய் எலிசவேத்தா சோஃபீஸ்கயா இசைநாடகப் பாடகி. மகன் சிறுவனாக இருந்தபோதே தாய் குடும்பத்தைப் பிரிந்து மேடை வாழ்க்கைக்குத் திரும்பினார். ஆகவே தொபுஷின்ஸ்கி தந்தையின் பராமரிப்பிலேயே வளர்ந்தார்.

தந்தையின் படைப்பணி காரணமாகக் குடும்பம் பல ஊர்களில் வாழ நேர்ந்தது. பீட்டர்ஸ்பர்க், கிஷினேவ், வில்னா (இன்றைய வில்னியஸ்) ஆகிய நகரங்களில் இவரது இளமை கழிந்தது. ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று நகரங்களைச் சிறுவயதிலேயே கண்டவர் இவர். நேர்கோட்டுத் தெருக்களும் அகன்ற ஆறும் கொண்ட தலைநகர் ஒன்று. தெற்கின் தூசி படிந்த மாகாண ஊர் மற்றொன்று. குறுகிய வளைந்த சந்துகளும் பழைய தேவாலயங்களும் நிறைந்த வில்னா மூன்றாவது. நகரங்களின் தனித்த முகங்களைப் பிரித்துணரும் ஆற்றல் இவரது ஓவியங்களில் பிற்காலம் முழுவதும் காணப்படுகிறது. வில்னாவின் பழைய தெருக்களை இவர் பின்னர் பலமுறை வரைந்தார்.

கல்வி

சிறுவயதில் பீட்டர்ஸ்பர்க்கில் கலைஞர்களை ஊக்குவிக்கும் சங்கத்தின் ஓவியப் பள்ளியில் சில காலம் பயின்றார். வில்னாவில் பள்ளிக் கல்வியை முடித்தபின், 1895 ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். அங்கு பயின்ற காலத்திலும் ஓவியப் பயிற்சியைக் கைவிடவில்லை. கலைக் கழகத்தில் சேர இவர் செய்த முயற்சி கைகூடவில்லை. 1899 இல் எலிசவேத்தா வோல்க்கென்ஷ்டைன் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

1899 முதல் 1901 வரை ஜெர்மனியின் மியூனிக் நகரில் பயின்றார். சுலோவீனியரான அன்டோன் அஷ்பே, ஹங்கேரியரான சிமோன் ஹொல்லோஷி ஆகிய இருவரும் அங்கு இவருடைய ஆசிரியர்கள். ரஷ்ய மாணவர் பலர் அக்காலத்தில் அஷ்பேயின் பள்ளியை நாடிச் சென்றனர். அங்கேயே இகோர் கிராபார் என்னும் ஓவியருடன் இவருக்கு நட்பு ஏற்பட்டது. பீட்டர்ஸ்பர்க் திரும்பியதும் அச்சோவிய ஆசிரியர் வசீலி மத்தே என்பவரிடம் செப்புத்தகட்டில் அமிலம் கொண்டு பொறிக்கும் முறையைக் கற்றார். இதுவே அச்சோவியத் துறையில் இவர் எடுத்துவைத்த முதல் அடி. குடும்பத்தைக் காப்பதற்காகப் போக்குவரத்து அமைச்சில் எழுத்தராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஓவியப் பணி மாலை நேரங்களுக்கு உரியதாயிற்று.

கலை உலகம் இயக்கம்

கிராபாரின் அறிமுகத்தினால் 1902 ஆம் ஆண்டளவில் தொபுஷின்ஸ்கி 'கலை உலகம்' (மீர் இஸ்குஸ்த்வா) என்னும் குழுவில் இணைந்தார். அலெக்சாந்தர் பெனுவா, செர்கேய் தியாகிலெவ், லெவ் பாக்ஸ்ட், கொன்ஸ்தந்தீன் சோமொவ், யெவ்கேனி லான்செரே, அன்னா ஒஸ்த்ரோமோவா-லெபெதெவா ஆகியோர் இக்குழுவின் முன்னணிக் கலைஞர்கள். 1899 முதல் 1904 வரை இக்குழு அதே பெயரில் ஓர் இதழையும் வெளியிட்டது.

இக்குழுவினரின் முக்கியப் பங்களிப்புகளுள் ஒன்று பீட்டர்ஸ்பர்க் நகரின் அழகை மீண்டும் கண்டறிந்தமை ஆகும். பேரரசர் முதலாம் பீட்டரால் 1703 ஆம் ஆண்டில் நெவா ஆற்றின் கழிமுகத்தில் நிறுவப்பட்ட இந்நகரை, 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ரஷ்யர் பலர் உயிரற்ற அலுவலக நகரமாகவே கருதினர். 1902 இல் பெனுவா தமது கட்டுரை ஒன்றில் இக்கருத்தை மறுத்து, அந்நகரின் கட்டடக்கலையையும் அமைப்பையும் காணுமாறு ஓவியர்களை வேண்டினார். ஒஸ்த்ரோமோவா-லெபெதெவா நகரின் கம்பீரமான கோடுகளை மரச்செதுக்கு அச்சில் வடித்தார். தொபுஷின்ஸ்கி வேறொரு திசையில் சென்றார்.

பீட்டர்ஸ்பர்க் காட்சிகள்

பீட்டர்ஸ்பர்க் நகரைக் கல்லச்சில் பதிப்பது தொபுஷின்ஸ்கிக்கு முன்பே நீண்ட மரபாக இருந்தது. 1820களில் கார்ல் பெக்ரோவ் நகரக் காட்சிகளைக் கல்லச்சில் வெளியிட்டார். பண்ணையடிமையாகப் பிறந்த வசீலி சதோவ்னிக்கொவ் வரைந்த நெவ்ஸ்கி பெருந்தெருவின் நீள்காட்சி 1830களில் கல்லச்சுத் தாள்களாக வெளிவந்தது. தெருவின் இருபுறமும் உள்ள வீடுகள் வரிசையாக அதில் இடம்பெற்றன. இத்தகைய படங்கள் நகரின் முகப்பைக் காட்டின. வாங்குவோர் எதிர்பார்த்ததும் அதுவே.

தொபுஷின்ஸ்கி அந்த முகப்பின் பின்புறத்தை வரைந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் அடுத்தடுத்து எழுந்த வாடகைக் குடியிருப்புகளுக்கிடையே தீ பரவாமல் தடுப்பதற்காகச் சாளரமற்ற உயர்ந்த சுவர்கள் கட்டப்பட்டன. அருகிலுள்ள கட்டடம் தாழ்வாக இருந்தாலோ இல்லாதிருந்தாலோ இச்சுவர்கள் வெறுமையாக வானை மறைத்து நிற்கும். அவற்றின் கறைகள், புகைபோக்கிகள், அவற்றின் அடியில் கிடக்கும் பனி, மரவேலிகள், விறகு அடுக்குகள் ஆகியன இவரது ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. 'முற்றம்' (1903), 'பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சிறு வீடு' (1905) ஆகிய படைப்புகள் இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். இரண்டாவது படத்தில் பழைய சிறிய வீடு ஒன்று புதிய பெருங்கட்டடங்களின் அருகே எஞ்சி நிற்கிறது. நகரம் தன்னைத் தானே விழுங்கி வளர்வதை இப்படம் எந்த விளக்கமும் இன்றிக் காட்டுகிறது.

'மூக்குக் கண்ணாடி அணிந்த மனிதர்' (1905–1906) என்னும் உருவப்படமும் ஒருவகையில் நகரக் காட்சியே ஆகும். கவிஞரும் திறனாய்வாளருமான கொன்ஸ்தந்தீன் சுன்னெர்பெர்க் இதில் சாளரத்தின் முன் நிற்கிறார். அவருக்குப் பின்னால் நகரின் புறப்பகுதி விரிகிறது. மனிதரின் முகம் நிழலில் அமிழ, சாளரத்திற்கு வெளியேயுள்ள நகரம் தெளிவாகத் தெரிகிறது. 'முடிதிருத்தகத்தின் சாளரம்' (1906) இரவு விளக்கொளியில் கடைச் சாளரப் பொம்மைகளைக் காட்டுகிறது. இவ்விரு படங்களும் மாஸ்கோவின் திரெத்தியாகொவ் காட்சியகத்தில் உள்ளன.

புனித யூஜீனியா சமூகம் என்னும் செஞ்சிலுவை அமைப்பு வெளியிட்ட அஞ்சலட்டைகளுக்காகவும் தொபுஷின்ஸ்கி நகரக் காட்சிகளை வரைந்தார். விலை குறைந்த இந்த அஞ்சலட்டைகள் வழியாக அவரது படங்கள் ஓவியக் கண்காட்சிகளுக்குச் செல்லாத மக்களையும் சென்றடைந்தன.

1905 ஆம் ஆண்டுப் புரட்சி

1905 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க்கில் அமைதியாக ஊர்வலம் சென்ற தொழிலாளர்கள் மீது படையினர் சுட்டனர். அதைத் தொடர்ந்து நாடெங்கும் கிளர்ச்சி பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் பேரரசர் இரண்டாம் நிக்கலாய் குடியுரிமைகளை அளிப்பதாக ஓர் அறிக்கை வெளியிட்டார். எனினும் வன்முறை ஓயவில்லை.

இக்காலத்தில் 'ஷூபெல்' என்னும் அங்கத இதழில் தொபுஷின்ஸ்கியின் 'அக்டோபர் இன்பக்காட்சி' வெளியானது. ஆளரவமற்ற ஒரு தெருமுனை இதில் வரையப்பட்டுள்ளது. சுவரிலும் நடைபாதையிலும் இரத்தக் கறை. கடைச் சாளரம் உடைந்துள்ளது. நடைபாதையில் ஒரு குழந்தையின் பொம்மை கிடக்கிறது. சுவரில் பேரரசரின் அறிக்கை ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தில் மனிதர் எவரும் இல்லை. படைவீரரோ பிணமோ வரையப்படாமலேயே நிகழ்ந்தது என்ன என்பது பார்ப்பவருக்குப் புலப்படுகிறது. அதே இதழில் வெளியான 'சமாதானம் நிலைநாட்டப்பட்டது' என்னும் பொருளுடைய மற்றொரு படத்தில், மாஸ்கோ கிரெம்ளின் இரத்தக் கடலின் நடுவே நிற்க, மேலே வானவில் தோன்றுகிறது. மூன்று இதழ்கள் வெளிவந்த நிலையில் 1906 இல் 'ஷூபெல்' அரசினால் முடக்கப்பட்டது.

ஆளற்ற தெருவைக் கொண்டே மனிதரின் அவலத்தைச் சொல்லும் இம்முறை, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இவரது கல்லச்சுகளில் மீண்டும் தோன்றியது.

நகரக் கனவுகள்

1906 ஆம் ஆண்டில் தொபுஷின்ஸ்கி பாரிசுக்கும் லண்டனுக்கும் பயணம் செய்தார். லண்டனின் இரும்புப் பாலங்களும் புகையும் பெருந்திரளும் இவரை ஈர்க்கவும் அச்சுறுத்தவும் செய்தன. அக்காலம் முதல் பல ஆண்டுகள் 'நகரக் கனவுகள்' என்னும் வரிசையில் கற்பனை நகரங்களை வரைந்தார். மனிதரை எறும்புகளாகச் சிறுக்கவைக்கும் அடுக்குக் கட்டடங்கள், பாலங்கள், எந்திரங்கள் ஆகியன இவற்றில் இடம்பெறுகின்றன. உண்மையான பீட்டர்ஸ்பர்க்கை வரைந்தபோது அவர் உணர்ந்த அச்சம் இவற்றில் மிகைப்படுத்தப்பட்டு வெளிப்பட்டது எனலாம்.

கற்பித்தல் பணி

யெலிசவேத்தா ஸ்வான்த்செவா நடத்திய ஓவியப் பள்ளியில் 1906 முதல் சில ஆண்டுகள் பாக்ஸ்டுடன் இணைந்து கற்பித்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மார்க் ஷகால் அங்கு பயின்ற மாணவர்களுள் ஒருவர். புரட்சிக்குப் பின் ஷகாலின் அழைப்பை ஏற்று, 1919 இல் வீத்தெப்ஸ்க் நகரின் மக்கள் ஓவியப் பள்ளிக்குக் குறுகிய காலம் முதல்வராக இருந்தார்.

எழுத்தாளர் விளாதிமிர் நபோக்கொவ் சிறுவனாக இருந்தபோது அவருக்கும் தொபுஷின்ஸ்கி ஓவியம் கற்பித்தார். நாள்தோறும் கண்டும் கவனித்திராத தெருவிளக்கு, அஞ்சல் பெட்டி முதலான பொருட்களை நினைவிலிருந்து நுணுக்கமாக வரையுமாறு இவர் பணித்ததை நபோக்கொவ் தமது நினைவுக்குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். தாம் ஓவியராகாவிடினும் இப்பயிற்சி தமது எழுத்திற்குப் பயன்பட்டதாக அவர் கருதினார். இப்பயிற்சி தொபுஷின்ஸ்கியின் சொந்த முறையையும் விளக்குகிறது. நகரத்தின் சிறு பொருட்களை அறிந்தவரே நகரத்தை வரைய இயலும் என்பது அதன் அடிப்படை.

மேடை வடிவமைப்பு

தொபுஷின்ஸ்கி 20 ஆம் நூற்றாண்டின் முக்கிய மேடை வடிவமைப்பாளர்களுள் ஒருவர். மாஸ்கோ கலை அரங்கில் கொன்ஸ்தந்தீன் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இயக்கிய துர்கேனெவின் 'நாட்டுப்புறத்தில் ஒரு மாதம்' (1909) நாடகத்திற்கு இவர் அமைத்த காட்சிகள் பெரும் பாராட்டைப் பெற்றன. தஸ்தயேவ்ஸ்கியின் புதினத்தைத் தழுவிய 'நிக்கலாய் ஸ்தவ்ரோகின்' (1913) நாடகத்திற்கும் அதே அரங்கில் காட்சி அமைத்தார். 1914 இல் தியாகிலெவின் பாலே குழுவிற்காகவும் பணியாற்றினார்.

கல்லச்சு முறை

தொபுஷின்ஸ்கி 1920களின் தொடக்கத்தில் கையாண்ட கல்லச்சு (லித்தோகிராபி) முறை, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதே இதன் அடிப்படை ஆகும்.

நன்கு தேய்த்துச் சமமாக்கிய சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த வரைகோலினால் படம் வரையப்படும். பின்னர் பிசினும் சிறிதளவு அமிலமும் கலந்த கரைசல் கல்லின் மேல் பூசப்படும். இதனால் வரையப்படாத பகுதிகள் நீரை ஏற்கும் தன்மையை அடைகின்றன. கல்லை நனைத்து மை உருளையை அதன் மேல் உருட்டும்போது, ஈரமான பகுதிகள் மையை விலக்க, வரையப்பட்ட பகுதிகள் மட்டும் மையைப் பற்றிக்கொள்கின்றன. அதன் மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதிகிறது. கல்லில் வரைந்தது தாளில் இடவலமாக மாறிப் பதியும் என்பதால், நகரக் காட்சியை நேரடியாகக் கல்லில் வரைபவர் கட்டடங்களைத் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தோன்றுவதுபோல் எண்ணி வரைய வேண்டும்.

மரச்செதுக்கிலும் செப்புப் பொறிப்பிலும் கருவி பொருளை வெட்டுகிறது அல்லது கீறுகிறது. கல்லச்சில் அவ்வாறன்றிக் கலைஞரின் கைக்கோடு, வரைகோலின் சொரசொரப்பு உட்பட, அப்படியே தாளுக்கு வருகிறது. மென்சாம்பல் முதல் அடர்கருமை வரையான சாயல்களைப் பெறலாம். பிறர் வரைந்த படத்தைத் தொழிலர் ஒருவர் கல்லில் படியெடுப்பது 19 ஆம் நூற்றாண்டின் பொதுவழக்கு. கலைஞர் தாமே வரைந்து உருவாக்குவது தற்கல்லச்சு எனப்படும். தொபுஷின்ஸ்கியின் நகரத் தொகுப்பு இவ்வகையைச் சார்ந்தது.

பீட்டர்ஸ்பர்க், 1921

பின்னணி

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆம் ஆண்டில் நகரின் பெயர் பெத்ரோகிராத் என மாற்றப்பட்டது. 1917 ஆம் ஆண்டின் இரு புரட்சிகளும் இங்கேயே நிகழ்ந்தன. 1918 மார்ச்சில் தலைநகர் மாஸ்கோவிற்கு மாற்றப்பட்டது. உள்நாட்டுப் போரின்போது உணவும் எரிபொருளும் நகருக்கு வருவது பெரிதும் குறைந்தது. மக்கள் கிராமங்களுக்குத் திரும்பினர். பலர் போர்முனைக்குச் சென்றனர். பலர் பசியாலும் நோயாலும் மாண்டனர். 1917 இல் 23 இலட்சம் அளவில் இருந்த மக்கள்தொகை, 1920 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.2 இலட்சமாகக் குறைந்திருந்தது. குளிர்காலத்தில் விறகுக்காக மரவீடுகள் பிரிக்கப்பட்டன. கல் பாவிய தெருக்களில் புல் முளைத்தது.

தொபுஷின்ஸ்கி இவ்வாண்டுகளில் நகரிலேயே இருந்தார். 1917 இல் மாக்சிம் கார்க்கியின் முயற்சியால் கலைச் செல்வங்களைப் பாதுகாப்பதற்கு அமைந்த குழுவில் இவரும் இடம்பெற்றார். 1919 இன் இறுதியில் தொடங்கப்பட்ட 'கலைகள் இல்லம்' எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் புகலிடமாகவும் உணவிடமாகவும் விளங்கியது. அதன் பணிகளிலும் இவர் பங்குகொண்டார். அவ்வில்லம் வெளியிட்ட இதழுக்கு அட்டைப்படம் வரைந்தார்.

தொகுப்பு

இக்காலத்து நகரைக் காட்டும் 12 தற்கல்லச்சுகளைக் கொண்ட தொகுப்பு, ஸ்தெபான் யாரெமிச்சின் முன்னுரையுடன் 1923 இல் 1000 படிகள் வெளியிடப்பட்டது. நகரின் அலுவல்முறைப் பெயர் அப்போது பெத்ரோகிராத் என்றிருந்தபோதிலும் கலைஞர் பழைய பெயரையே தொகுப்பிற்குச் சூட்டினார்.

இத்தொகுப்பில் நகரின் புகழ்பெற்ற இடங்கள் பல இடம்பெறுகின்றன. ஆனால் அவை அஞ்சலட்டைகளில் காணப்படும் தோற்றத்தில் இல்லை. 'பனிப்புயலில் ஈசாக் பேராலயம்' என்னும் தாளில் பேராலயத்தின் பெருந்தூண்கள் பனிக்கிடையே எழுகின்றன. காற்றை எதிர்த்துச் செல்லும் மனிதர் மிகச் சிறியவராகத் தோன்றுகின்றனர். நெவா ஆற்றங்கரையில் கலைக் கழகத்தின் முன் உள்ள எகிப்திய ஸ்பிங்ஸ் சிலை, பீட்டர்-பால் கோட்டை ஆகியனவும் வரையப்பட்டுள்ளன. மற்றொரு தாள் ஒப்வோத்னி கால்வாய்ப் பகுதியின் காய்கறித் தோட்டங்களைக் காட்டுகிறது. பேரரசின் தலைநகராக இருந்த நகரின் மக்கள், உண்பதற்காகத் தொழிற்சாலைப் பகுதியின் வெற்று நிலத்தில் பயிரிட நேர்ந்ததை இப்படம் பதிவு செய்கிறது.

இப்படங்களில் புரட்சிக் கொடிகள், கூட்டங்கள், போர்க்காட்சிகள் எவையும் முதன்மை பெறவில்லை. வரலாற்றின் பெருநிகழ்ச்சி ஒன்று கடந்து சென்றபின் எஞ்சிய அமைதியே இவற்றின் பொருள். கண்முன்னே நகரம் மடிந்துகொண்டிருந்த அந்நாட்களில் அதில் வழக்கத்திற்கு மாறான ஓர் அழகைத் தாம் கண்டதாகவும், அதன் வெறுமையான, காயமுற்ற தோற்றத்தைப் பதிந்து வைக்க முயன்றதாகவும் தொபுஷின்ஸ்கி தமது நினைவுக்குறிப்புகளில் கூறியுள்ளார்.

மதிப்பீடு

முற்காலக் கல்லச்சுகள் நகரின் செழிப்பை விளம்பரப்படுத்தின. தொபுஷின்ஸ்கி அதே கலைமுறையைக் கொண்டு நகரின் இழப்பைப் பதிவு செய்தார். ஒளிப்பதிவுகளும் அறிக்கைகளும் அக்காலப் பெத்ரோகிராதைப் பற்றிக் கிடைக்கின்றன. எனினும் இருபது ஆண்டுகள் அந்நகரின் ஒவ்வொரு சுவரையும் வரைந்து பழகிய ஒருவரின் பார்வை என்பதே இத்தொகுப்பின் தனிச்சிறப்பு ஆகும். ஒஸ்த்ரோமோவா-லெபெதெவாவும் 1922 இல் பீட்டர்ஸ்பர்க் கல்லச்சுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அவரது காட்சிகளில் நகரத்தின் கட்டமைப்பு துன்பத்தையும் தாண்டி உறுதியாக நிற்கிறது. தொபுஷின்ஸ்கியின் காட்சிகளிலோ அவ்வுறுதியே ஐயத்திற்கு உள்ளாகிறது. ஆகவே இரு தொகுப்புகளும் அடிக்கடி ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

நூல் ஓவியங்கள்

அதே ஆண்டுகளில் பெத்ரோகிராதின் 'அக்விலோன்' பதிப்பகத்திற்காகத் தொபுஷின்ஸ்கி பல நூல்களுக்குப் படம் வரைந்தார். கரம்சீனின் 'ஏழை லீசா' (1921), லெஸ்கோவின் 'சிகையலங்காரக் கலைஞர்' (1922) ஆகியன அவற்றுட் சில. தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' (1923) நூலுக்கு இவர் வரைந்த கருப்பு வெள்ளைப் படங்கள் மிகவும் புகழ்பெற்றவை. தமிழ் வாசகர்களும் மொழிபெயர்ப்பில் நன்கறிந்த அக்கதையில், தனிமையில் வாழும் இளைஞன் ஒருவன் கோடைகாலத்தின் மங்காத இரவுகளில் நகரெங்கும் அலைகிறான். தொபுஷின்ஸ்கியின் படங்களில் கதைமாந்தர் சிறியவர்களாகவும், கால்வாய்களும் கைப்பிடிச் சுவர்களும் உறங்கும் வீடுகளும் பெரியனவாகவும் அமைந்துள்ளன. நிக்கலாய் அன்த்சீஃபெரொவ் எழுதிய 'தஸ்தயேவ்ஸ்கியின் பீட்டர்ஸ்பர்க்' (1923) என்னும் நூலுக்கும் இவரே படம் வரைந்தார்.

குழந்தை இலக்கியத்தில் புகழ்பெற்ற 'பர்மலேய்' என்னும் கொள்ளைக்காரன் பாத்திரம் பிறந்ததிலும் இவருக்குப் பங்கு உண்டு. எழுத்தாளர் கர்னேய் சுக்கோவ்ஸ்கியும் தொபுஷின்ஸ்கியும் ஒருமுறை நகரில் நடந்து செல்கையில் பர்மலேயெவ் தெரு என்னும் பெயர்ப்பலகையைக் கண்டனர். அப்பெயரின் பொருளைப் பற்றி உரையாடியபோது, பர்மலேய் ஒரு கொள்ளைக்காரனாகவே இருக்க வேண்டும் என்று கூறித் தொபுஷின்ஸ்கி அவன் உருவத்தை வரைந்தார். அதனடிப்படையில் சுக்கோவ்ஸ்கி எழுதிய பாடல்கதை 1925 இல் தொபுஷின்ஸ்கியின் படங்களுடன் வெளிவந்தது.

புலம்பெயர் வாழ்வு

1924 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரின் பெயர் லெனின்கிராத் என மாற்றப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில், தந்தைவழி உரிமையால் லித்துவேனியக் குடியுரிமை பெற்ற தொபுஷின்ஸ்கி குடும்பத்துடன் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். 1920களின் பிற்பகுதியில் பாரிசில் வாழ்ந்து, நிக்கீத்தா பாலியேவின் சிற்றரங்கிற்காகப் பணியாற்றினார். 1929 இல் அக்காலத்தில் லித்துவேனியாவின் தலைநகராக விளங்கிய கௌனஸ் நகரில் குடியேறி, அரசு நாடக அரங்கின் வடிவமைப்பாளரானார். அங்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களுக்கும் இசைநாடகங்களுக்கும் காட்சி அமைத்தார். லித்துவேனிய மொழியில் இவர் மஸ்திஸ்லாவஸ் தொபுஷின்ஸ்கிஸ் என அழைக்கப்படுகிறார். அந்நாட்டின் கலை வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு.

1930களின் இறுதியில் இங்கிலாந்தில் நடிகரும் இயக்குநருமான மிகயீல் செக்கோவின் நாடகக் குழுவுடன் இணைந்தார். 1939 இல் அக்குழுவின் தயாரிப்பு ஒன்றிற்காக அமெரிக்கா சென்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதனால் அங்கேயே தங்கிவிட்டார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கில் வெர்தியின் 'முகமூடி நடனம்' (1940), முசோர்க்ஸ்கியின் 'கவான்ஷினா' (1950) ஆகியவற்றுக்குக் காட்சி அமைத்தார்.

போர்க்காலத்தில் லெனின்கிராத் நகரம் 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஜெர்மானியப் படைகளால் முற்றுகையிடப்பட்டது. கடல் கடந்த நாட்டில் இருந்த தொபுஷின்ஸ்கி, 1943 இல் முற்றுகைக்கு உள்ளான நகரைக் கற்பனையில் வரைந்தார். நேரில் காணாத அந்த அழிவை வரைவதற்கு அவரிடம் இருந்தவை 1921 ஆம் ஆண்டின் நினைவுகளே.

மறைவும் பிற்கால மதிப்பும்

தொபுஷின்ஸ்கி நவம்பர் 20, 1957 அன்று நியூயார்க்கில் காலமானார். பாரிசுக்கு அருகிலுள்ள சென்ட் ஜெனிவியெவ் தெ புவா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். புலம்பெயர்ந்த ரஷ்யக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் பலர் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இவரது மகன் ரஸ்திஸ்லாவ் தொபுஷின்ஸ்கியும் (1903–2000) மேடை வடிவமைப்பாளராகவும் முகமூடிக் கலைஞராகவும் பிரான்சில் புகழ்பெற்றார்.

தொபுஷின்ஸ்கியின் நினைவுக்குறிப்புகள் 1976 இல் நியூயார்க்கிலும், 1987 இல் மாஸ்கோவிலும் நூலாக வெளிவந்தன. நாட்டை விட்டு வெளியேறியவர் என்பதனால் நீண்டகாலம் சோவியத் ஒன்றியத்தில் குறைவாகவே பேசப்பட்ட இவரது படைப்புகள் இதன்பின் பரவலான கவனத்தைப் பெற்றன. 1991 இல் நகரம் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் பெயரைப் பெற்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன் தொபுஷின்ஸ்கி தமது கல்லச்சுத் தொகுப்பின் அட்டையில் விட்டுக்கொடுக்க மறுத்த பெயர் அதுவே ஆகும்.

குறிப்பிடத்தக்க படைப்புகள்

முற்றம் (1903)
பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சிறு வீடு (1905)
அக்டோபர் இன்பக்காட்சி (1905)
மூக்குக் கண்ணாடி அணிந்த மனிதர் (1905–1906)
முடிதிருத்தகத்தின் சாளரம் (1906)
1830களில் ஒரு மாகாண ஊர் (1907–1909)
நகரக் கனவுகள், ஓவிய வரிசை (1906 முதல்)
'நாட்டுப்புறத்தில் ஒரு மாதம்' மேடைக் காட்சிகள் (1909)
'வெண்ணிற இரவுகள்' நூல் ஓவியங்கள் (1923)
பீட்டர்ஸ்பர்க், 1921, 12 கல்லச்சுகள் (1923)
'பர்மலேய்' நூல் ஓவியங்கள் (1925)